போட்டு வாறன்

“உஷ்ஷ்!”

பார்த்தீபன் மூன்றாவது தடவையும் பின்னால் திரும்பி முறைத்தார்.

யாழ்ப்பாணத்தில் திரைப்பட விழா. முதல் நாள், முதல் படம், அதுவும் ஐஸ்லாந்துப் படம். மண்டபமே மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருக்க, பின்வரிசையில் ஒருத்தி மட்டும் பக்கத்திலிருந்த கிழவியின் காதுக்குள் ஓயாமல் கதைத்துக்கொண்டிருந்தாள்.

“பிள்ளை, இது படம் பாக்கிற இடம். சந்தை இல்லை.”

“குறை நினையாதையுங்கோ சேர். மாமிக்கு இங்கிலிஸ் தெரியாது. கீழை ஓடுற எழுத்தை வாசிச்சுச் சொல்லுறன். நாங்கள் குருநகர், கடல்தொழில் ஆக்கள். கடல் படம் எண்டு சொல்லிச்சினம், அதுதான் கூட்டிக்கொண்டு வந்தனான்.”

“இங்கிலிஸ் தெரியாதவை உலக சினிமாவுக்கு ஏன் வருவான்?”

கெத்தாகக் கேட்டுவிட்டுத் திரும்பிய பார்த்தீபனுக்கு நெஞ்சுக்குள் எங்கேயோ சுருக்கென்றது. ஏனென்றால் அவருக்கும் தெரியாது.

பதினைந்து வருடமாக ஒரு வார இதழில் ‘உலகத் திரை’ எழுதுகிற மனிதருக்கு இங்கிலிஸ் ஓடாது என்பது கரவெட்டியில் இருக்கிற அவருடைய மனைவிக்கு மட்டும் தெரிந்த விசயம். யாரோ எழுதியதை இணையத்தில் தேடிப் பிடித்து, கைபேசியில் தமிழாக்கி, மேலால் ரெண்டு ‘படிமம்’, ஒரு ‘இருத்தலியம்’ தூவி அனுப்பிவிடுவார். சனமும் வாயைப் பிளந்து வாசிக்கும்.

இந்தப் படம் புத்தம் புதுசு. ஒருத்தரும் ஒரு வரி எழுதவில்லை. படம் முடிந்த கையோடு மேடையேறிப் பேச வேண்டும். நாளைக்கு ‘தொடக்க நாள் சிறப்புகள்’ என்று அரைப்பக்கம் வேறு கொடுக்க வேண்டும்.

திரையில் எழுத்துகள் எறும்பு மாதிரி ஓடின. அவர் ஒன்றைப் பிடிக்கிறதுக்குள் நாலு தப்பி ஓடின. என்ன செய்வார், பாவம்? மெல்லப் பின்னுக்குச் சாய்ந்து காதைக் கொடுத்தார்.

“ஏனடி நிப்பாட்டினனீ? மகன்காரன் தாயிட்டை என்ன சொல்லுறான்?” என்றாள் கிழவி.

“‘போட்டு வாறன் அம்மா’ எண்டுறான், மாமி.”

ஆகா! பார்த்தீபன் குறிப்புப் புத்தகத்தில் எழுதினார்: ‘ஐஸ்லாந்திலும் போகிறேன் என்று சொல்வதில்லை. போட்டு வாறன், போய்த் திரும்பி வருகிறேன் என்றே சொல்கிறார்கள். என்ன பண்பாடு!’

அதற்குப் பிறகு அவர் திரையை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. அவள் சொல்லச் சொல்ல இவர் எழுதினார். இடையில் அவளுடைய குரல் தணிந்தபோது, “கொஞ்சம் உரத்துச் சொல்லும் பிள்ளை” என்று வாய்வரை வந்துவிட்டது.

கடைசிக் காட்சியில் அவள் திடீரென்று பேச்சை நிறுத்தினாள்.

“றெஜினா, பொடியன் வந்திட்டானோ?”

“ஓம் மாமி. வந்திட்டான்.”

“பாத்தியே! கடலுக்குப் போய் ரெண்டு வருசம் எண்டால் என்ன? எங்கடை கனிசியஸும் உப்பிடித்தான் வந்து நிப்பான். என்ரை பிள்ளை உன்னை விட்டிட்டு எங்கை போகப்போறான்?”

“ஓம் மாமி.”

இதெல்லாம் பார்த்தீபனின் காதில் விழுந்ததே தவிர, மண்டையில் ஏறவில்லை. ‘மகன் திரும்பி வந்தான்’ என்று எழுதி, அடியில் ரெண்டு கோடு போடுவதில் மும்முரமாக இருந்தார்.

மேடையில் அவருக்குத் தமிழ் பொங்கியது.

“‘போட்டு வாறன்’ என்று சொல்லிப் போன மகன், கடல் கடந்து மீண்டு வந்து தாயின் முன் நின்றானே, அந்தக் கணத்தில் நான் என்னையே இழந்தேன்!”

மண்டபம் குசுகுசுத்தது. விழாவை நடத்துகிற தர்சிகா ஒலிவாங்கியோடு தயங்கித் தயங்கி வந்தாள்.

“சேர்... மகன் வரேல்லையே? வெறும் வள்ளம்தானே கரை ஒதுங்கினது? போகேக்கையும், ‘நான் போறன், என்னைத் தேடாதேங்கோ’ எண்டெல்லோ சொன்னவன்?”

பார்த்தீபன் தன்னைக் கவிழ்த்தவளைத் தேடி அந்த வரிசையைப் பார்த்தார்.

றெஜினா பாதி எழுந்து நின்றாள். ரெண்டு கையையும் கூப்பியபடி ‘வேண்டாம், வேண்டாம்’ என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கிழவி இவரையே பார்த்தபடி இருந்தாள்.

காதில் விழுந்தது எல்லாம் அப்போதுதான் மண்டையில் ஏறியது.

‘நான் படிமமாகச் சொன்னேன்’ என்று ஒரு வார்த்தை விட்டால் போதும், தப்பிவிடலாம். எத்தனை தடவை தப்பியிருக்கிறார்! இன்றைக்கு அந்த வார்த்தை வாயில் வரமாட்டேன் என்றது.

“தங்கச்சி, நீர் வடிவாப் பாக்கேல்லை. அவன் வந்தவன். போட்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போனவன் வராமல் விடுவானே?”

மண்டபம் கொல்லென்று சிரித்தது. “சேர் நல்ல நித்திரை போலை!” என்று யாரோ கத்தினார்கள். பதினைந்து வருடமாகக் கட்டிக் காத்த பெயர் அந்தச் சிரிப்போடு போய்விட்டது. போகட்டும், அதுவும் இரவல் பெயர்தானே என்று நினைத்துக்கொண்டு இறங்கினார்.

வெளிவாசலில் ஒரு கை அவருடைய கையைப் பிடித்தது. கிழவி.

“மருமகள் ஓட்டோ பிடிக்கப் போட்டாள். அவள் வாறதுக்குள்ளை ஒண்டு சொல்லோணும் தம்பி.”

“மகன் கட்டாயம் வருவார் அம்மா. நீங்கள் ஒண்டுக்கும்...”

“வெறும் வள்ளம் கரைக்கு வந்தால் என்ன அர்த்தம் எண்டு வாசிக்க, குருநகராளுக்கு இங்கிலிஸ் வேணுமே?”

ஓட்டோ வந்து நின்றது. கிழவி அவசரமாகக் குரலைத் தணித்தாள்.

“அவள் எனக்காகச் சொல்லுறாள். நான் அவளுக்காக நம்புறன். அவளிட்டைச் சொல்லிப்போடாதையுங்கோ, என்ன? போட்டு வாறன் தம்பி.”