ரிப்பன் இல்லாத திறப்புவிழா

ரிப்பன் வாங்க மறந்த இக்னேசியஸ், பூங்கா வாசலுக்குக் குறுக்கே செவ்வந்தி மாலையைக் கட்டிவிட்டு, தன் மூளையைத் தானே மெச்சி முடிப்பதற்குள் கோட்டைப் பக்கத்து மான் ஒன்று வந்து அதைத் தின்னத் தொடங்கிவிட்டது. நகரசபையின் பூங்காப் பொறுப்பாளர் அவர். கையில் பளபளக்கும் கத்தரிக்கோல் இருக்கிறது, வெட்டத்தான் ஒன்றும் மிஞ்சப்போவதில்லை. துறைமுகக் காற்றில் புதுப் பெயின்ற் மணக்கிறது. உள்ளே ஊஞ்சல்கள் ஆளில்லாமல் தாமாகவே ஆடுகின்றன. வேலிக் கம்பிகளுக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நிற்கும் பிள்ளைகள் மானுக்குக் கைதட்டுகிறார்கள். அதுவோ உதட்டில் ஒரு மஞ்சள் பூ தொங்க, தனக்குத்தான் இந்த வரவேற்பு என்பதுபோல நிதானமாக மெல்லுகிறது.

"அங்கிள், எங்களை எப்ப உள்ள விடுவீங்கள்?"

"பாப்பம், மகள்."

காலையிலிருந்து மேலிடத்தில் எதைக் கேட்டாலும் அவருக்குக் கிடைத்த பதில் அதுதான். அதே சொல் இப்போது தன் வாயிலிருந்தும் வருவதைக் கேட்டு அவருக்கே கூசுகிறது. இனி வேறு மாலை வாங்கச் சந்தைக்கு ஓடினால் பொழுது பட்டுவிடும். பொழுது பட்டால் பூங்காவைப் பூட்டவேண்டும், பிள்ளைகள் ஊஞ்சலைத் தொடாமலே வீட்டுக்குப் போகவேண்டும். அந்த நேரம் பார்த்து ஓட்டோவிலிருந்து இறங்குகிறார், திறந்துவைக்க அழைக்கப்பட்ட ஸுல்பிகா ரீச்சர். மானைப் பார்க்கிறார். கத்தரிக்கோலைப் பார்க்கிறார். முந்தானையால் வாயை மூடிக்கொண்டாலும் தோள்கள் குலுங்குகின்றன.

"ரீச்சர், சிரிக்காதேங்கோ. இப்ப இதை என்னெண்டு திறக்கிறது? வேற மாலை வாங்கட்டோ?"

மான் கடைசிப் பூவையும் விழுங்கிவிட்டு வாசலை விட்டு விலகுகிறது.

"அதுதான் அவர் திறந்திட்டாரே, இக்னேசியஸ். பிள்ளைகளை விடுங்கோ."