பிடியரிசிப் பானை

"பானையிலே கைவெச்சவன் எந்திரிச்சு நிக்கிற வரைக்கும் மழையும் வராது, உபவாசமும் முடியாது!" என்று உபதேசியார் ஞானாபரணம் மேஜையை ஓங்கிக் குத்தினார்.

ஆனைமலைப் பக்கத்துச் சின்ன வேதக்கோயில் அது. ஆடி பிறந்தும் மேகமில்லை. உபவாச ஜெபத்துக்கு இது மூன்றாம் நாள்.

வீட்டுக்கு வீடு உலை வைக்கும்போதே ஆண்டவருக்கென்று ஒரு பிடி ஒதுக்கி, ஞாயிறன்று கோயில் பானையில் கொட்டுவார்கள். பேர்தான் பிடியரிசி, விழுவதெல்லாம் கம்பு. பத்துப் படி சேர்ந்திருந்த பானை இப்போது சுத்தமாகக் காலி!

உபதேசியாருக்கு உள்ளுக்குள் ஒரு கணக்கு இருந்தது. அதில் இரண்டு படி அவர் எடுத்தது. பிள்ளைகள் வயிறு காய்ந்ததால் எடுத்தார், கைமாற்றாகத்தான். மீதி எட்டுப் படித் திருடன் அகப்பட்டால் தன் இரண்டு படியும் அவன் தலையிலேயே போய்விடும்.

"கர்த்தாவே, அவனைக் காட்டும்!" என்று கண்ணீர்விட்டுக் கதறினார். அத்தனை உருக்கமாக அவர் அதுவரை ஜெபித்ததே இல்லை.

கடைசி வரிசையில் மாசாணம் எழுந்தான். ஞானஸ்நானத்தில் சாலமோன் என்று பேர் வைத்தாயிற்று. ஆனாலும் ஊருக்கும் கள்ளுக்கடைக்கும் அவன் இன்னும் மாசாணம்தான்.

"நாந்தானுங்க எடுத்தேன்."

"பூராத்தையுமா?" உபதேசியார் குரலில் ஆசை வழிந்தது.

"பூராத்தையுமுங்க."

கோயிலே பெருமூச்சு விட்டது. "நெனச்சேன்! மூஞ்சியப் பாத்தாத் தெரியாதா?" என்றார் மூப்பர் தம்பிதுரை.

பத்துப் படியையும் திருப்பிக் கொடுக்கும்வரை மாசாணத்துக்குக் கோயிலில் ராப்போஜன அப்பமும் ரசமும் கிடையாது என்று தீர்ப்பாயிற்று. உபவாசம் முடிந்து எல்லாரும் கஞ்சி குடித்தார்கள். கை கழுவக்கூட இல்லை, மழை கொட்டியது!

உபதேசியாருக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. அவன் பாவத்தை அறிக்கை செய்தான், வானம் திறந்தது. நான்?

விதைக்கு வைத்திருந்த கம்பில் இரண்டு படியைத் துணியில் முடிந்தார். கம்பளிக் கொங்காடையை முகம் தெரியாமல் இழுத்து மூடிக்கொண்டு, மழையோடு மழையாக மாசாணம் வீட்டுப் புறவாசலுக்குப் போனார்.

அங்கே ஏற்கெனவே மூன்று கொங்காடைகள் நின்றன, ஆளுக்கொரு மூட்டையோடு. அதில் ஒன்று திரும்பியது. மூப்பர் தம்பிதுரை!

"ஏனுங்க ஐயா, நீங்களுமா?"

உபதேசியார் மூட்டையை, வாசற்படியில் நின்ற மாசாணத்தின் முன்னால் வைத்தார். கண் கலங்கிவிட்டது.

"என்னைய மன்னிச்சுரு மாசாணம். என்ற பாவத்தையும் நீயே சொமந்துட்டே. இவிங்களும் நானும் எடுத்தது போவ, நீ எத்தனை படிதான் எடுத்தே?"

"நானுங்களா?" மாசாணம் தலையைச் சொறிந்தான். "ஒரு மணி எடுக்கலீங்க. கைப்புள்ளக்காரிக மூணு பேருக்கு உபவாசத்துலே பாலே வத்திப்போச்சு. யாராச்சும் ஒருத்தரு ஒத்துக்கிட்டாத்தானுங்களே நீங்க கஞ்சி குடிக்க உடுவீங்க?"