அசராத ஃபிலிம்

“இருட்டுல எடுக்கறதுக்கு இதை விட்டா வேற ஃபிலிமே கிடையாது. நானூறு ஸ்பீடு. கண்ணை மூடிக்கிட்டு வாங்கிட்டுப் போங்க.”

கடைக்காரர் தள்ளிய டப்பாவை அதே வேகத்தில் திருப்பித் தள்ளினார் பெட்டியண்ணன். பழைய மரக் கேமராவைத் தோளில் சுமந்தபடியே திரிவதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது.

“கண்ணை எதுக்கு மூடணும்? திறந்து வெச்சுக்கிட்டே வாங்கறேன். இது அரை செகண்டுக்குப் புலி. லென்ஸை நிமிஷக் கணக்குல திறந்து வெச்சா சுருண்டு படுத்துக்கும். வெளிச்சம் அளக்கற மீட்டர் நாலு நிமிஷம்னு காட்டினா இதுக்கு அரை மணி நேரம் குடுக்கணும். அப்பவும் மூலை முடுக்கெல்லாம் கரியாத்தான் விழும்.”

“இருட்டுன்னா இருட்டாத்தானே விழும்? எல்லாரும் இதைத்தான் வாங்கறாங்க.”

“எல்லாரும் வாங்கட்டும். எனக்கு நூறு ஸ்பீடு ஷீட் ஃபிலிம் வேணும். எவ்வளவு நேரம் திறந்து வெச்சாலும் அசராதே, அது. உள்ளே வெச்சுக்கிட்டு இல்லைன்னு சொல்லாதீங்க.”

“அப்படி என்னதாங்க எடுக்கப் போறீங்க?”

“எங்க அக்கா வேலை பார்க்கற இடத்தை.”

அவ்வளவுதான், பெட்டியண்ணனுக்குப் பொங்கிக்கொண்டு வந்துவிட்டது. தெருமட்டத்துக்குச் சற்றுத் தாழ்ந்த தளத்தில் ஒரு தையல் கூடம். பதினாறு மெஷின். பெண்கள் தெருவை வேடிக்கை பார்க்கிறார்கள் என்று ஜன்னலையெல்லாம் பலகை வைத்து அடித்துவிட்டார் முதலாளி. பாதி விளக்குகளையும் கழற்றிவிட்டார். ஒன்றரை வருடத்தில் அக்கா இரண்டு முறை கண்ணாடி மாற்றிவிட்டாள். போன வாரம் ஊசி அவள் ஆள்காட்டி விரல் நகத்தைத் துளைத்துக்கொண்டு இறங்கியது.

“தொழிலாளர் அதிகாரிகிட்ட மனு குடுத்தோம். போன்ல எடுத்த படத்தைக் காட்டினோம். அந்த முதலாளி கூசாம சொல்றான், ‘போன் படத்தை எப்படி வேணும்னாலும் இருட்டாக்கலாம் சார், இந்தம்மா பொய் சொல்லுது’ன்னு! அதிகாரியும் தலையாட்டிட்டு, ‘வெளிச்சம் பத்தலைன்னு நெகட்டிவோட நிரூபிங்க’ன்னுட்டார். எங்க அக்கா பொய் சொல்றாளாம்! அந்த ஜன்னலை அடைச்ச லட்சணம் ஆணி ஆணியா தெரியற மாதிரி எடுக்கறேனா இல்லையா பாருங்க.”

கடைக்காரர் ஸ்டூல் போட்டு ஏறி, மேல்தட்டிலிருந்து கேட்ட டப்பாவை எடுத்துக் கொடுத்தார்.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் முதலாளியே வந்து கதவைத் திறந்துவிட்டார். “தாராளமா எடுத்துக்குங்க. நான் எதையும் மறைக்கல.”

அந்த மரியாதையைப் பார்த்தே பெட்டியண்ணனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

“தம்பி, கீழ வயர் கிடக்கு, தடுக்கிடப் போற,” என்றாள் அக்கா. அவள் மட்டும்தான் வெளியே போகாமல் காத்திருந்தாள். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தால், கேமராவின் பின்கண்ணாடியில் ஒன்றுமே தெரியவில்லை. அக்காவின் மெஷின்மேல் டார்ச்சைப் பொருத்தி வைத்து ஃபோகஸ் செய்துவிட்டு, டார்ச்சை அணைத்தார். மீட்டர் நாலு நிமிடம் காட்டியது. இந்த ஃபிலிமுக்கு ஆறு போதும். லென்ஸைத் திறந்தார். கைக்கடிகாரத்தின் முள்கூடத் தெரியாததால், அக்காவும் தம்பியும் சேர்ந்து வாய்விட்டு எண்ணினார்கள்.

“இந்த இருட்டுல படம் விழுமாடா?”

“விழாம எங்கே போகும் அக்கா? எண்ணிக்கையை விட்டுடாதே.”

விழுந்தது. இருபது வருடத் தொழிலில் அப்படி ஒரு நெகட்டிவை அவர் கழுவி எடுத்ததில்லை. பெரிய காகிதத்தில் பிரிண்ட் போட்டு, விசாரணை நாளன்று அக்காவையும் கூட்டிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அதிகாரியின் அறைக்குப் போனார். எதிர் நாற்காலியில் முதலாளி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

அதிகாரி பூதக்கண்ணாடியை வைத்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். அவர் புருவம் உயர்ந்தது.

“அடேயப்பா! பலகையில இருக்கற ஆணியை எண்ணலாம் போலிருக்கே. தரையில கிடக்கற பொத்தான்கூடத் தெரியுது. நூல்கண்டுல ஒட்டின சீட்டுல நம்பரைக்கூடப் படிக்க முடியுது!”

“ஃபிலிம் அப்படி சார்,” என்றார் பெட்டியண்ணன். அக்கா அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“எடுக்கும்போது வேற விளக்கு எதுவும் போடலையே? நெகட்டிவ்ல கை வைக்கலையே?”

“ஃபோகஸ் பண்ண மட்டும் ஒரு டார்ச் போட்டேன், அதையும் அணைச்சிட்டுத்தான் எடுத்தேன். சத்தியமா அங்க உள்ளது உள்ளபடி சார். யார்கிட்ட வேணும்னாலும் குடுத்துச் சோதிச்சுப் பாருங்க.”

அதை அப்படியே எழுதி, பெட்டியண்ணனிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு, அதிகாரி முதலாளி பக்கம் திரும்பினார். “உங்க தரப்புல என்ன சாட்சி வெச்சிருக்கீங்க?”

முதலாளி எழுந்து வந்து, அதே படத்தை இரண்டு விரலால் அதிகாரியை நோக்கி நகர்த்தினார்.

“இதேதான் சார். நூல்கண்டு நம்பரைப் படிக்கற அளவுக்கு அங்க வெளிச்சம் இருக்குன்னு, அவரே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாரே.”