பேசாதவர்கள் பட்டியல்

பேசியவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதுவது கருத்துரிமைக்கு எதிரானது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டதால், ஏழாம் வகுப்பு லீடர் ஷர்மிதா இப்போது பேசாதவர்களின் பெயரை எழுதுகிறாள். இரண்டு நாளாக ஒரே பெயர்தான்: கபிலேஷ்.

“டேய், ‘உம்’முனாவது சொல்லுடா, அழிச்சிடறேன்” என்று கெஞ்சிப் பார்த்தாள். அவன் சிரித்தான். சிரிப்பு பேச்சில் சேராது.

மூன்றாவது முறை பெயர் வந்தால் காலை பிரேயரில் எல்லோர் முன்னாலும் பத்து நிமிடம் பேசியாக வேண்டும். கபிலேஷுக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. அவன் அம்மா வழக்குப் போட்டார்.

பள்ளியின் வக்கீல் இரண்டு மணி நேரம் பேசினார். காலையிலிருந்து இதே மாதிரி பதினாறு பள்ளி வழக்குகளைக் கேட்டிருந்த நீதிபதி, கபிலேஷைப் பார்த்து, “உன் தரப்பைச் சொல்லுப்பா” என்றார்.

கபிலேஷ் எழுந்து நின்றான். ஒரு நிமிடம் ஆனது. மின்விசிறி சுற்றுவது கேட்டது.

வக்கீல் துள்ளி எழுந்தார். “பார்த்தீங்களா யுவர் ஹானர், சொல்றதுக்கு ஒண்ணுமே இல்ல அவன்கிட்ட!”

“நீங்க உட்காருங்க” என்ற நீதிபதி, கண்ணாடியைக் கழற்றி வைத்து, நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

“ரொம்ப நல்ல வாதம் தம்பி. தொடரு.”