சேனைத் தண்ணீர்

அவன் டம்ளரை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றான்.

பிரசவ அறை வாசலில் அப்படி நிற்பவர்களை அவளுக்கு நன்றாகத் தெரியும். இத்தனை வருட நர்ஸ் வேலையில் எத்தனை டம்ளர்களைப் பிடுங்கிக் கொட்டியிருப்பாள். சர்க்கரைத் தண்ணீர், தேன், ஒருமுறை கழுதைப்பால்கூட.

ஊரில் அவளுக்குச் 'சேனை பிடுங்கி' என்று பெயர்.

நேரில் யாரும் சொல்வதில்லை. நேரில் யாரும் எதுவுமே சொல்வதில்லை. 'வாங்க சிஸ்டர்', 'வாறோம் சிஸ்டர்', அவ்வளவுதான்.

"என்ன அது? கொண்டா இங்க."

உடனே கொடுத்துவிட்டான். அதுவே அவளுக்கு விசித்திரமாக இருந்தது.

"உங்களுக்குத்தான் சிஸ்டர். நீங்கதான் சேனை வைக்கணுமாம். பொன்மாரி வலியிலயே சொல்லிட்டா. புள்ளைக்கு உங்க குணந்தான் வரணுமாம்."

டம்ளர் அவள் கையிலேயே இருந்தது.

பிறந்த பிள்ளையின் நாக்கில் முதலில் இனிப்பைத் தொட்டு வைப்பவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். அதனால் ஆளைப் பார்த்துத்தான் கூப்பிடுவார்கள். நாலு பேர் மதிக்கிறவரை. பிள்ளைகுட்டியோடு நிறைவாக வாழ்கிறவரை.

குவார்ட்டர்ஸில் ஒற்றை ஆளுக்குச் சோறு வடிக்கிறவளை யார் கூப்பிடுவார்கள்?

தங்கை பிள்ளைக்கே கூப்பிடவில்லை. 'கூப்பிட்டிருந்தாலும் வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்' என்று அன்றைக்குச் சிரித்துவைத்தாள். குவார்ட்டர்ஸுக்கு வந்து அழுதாள்.

கட்டிலில் அவன் மனைவி பொன்மாரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். துடைத்துத் துணி போர்த்திய பிள்ளை அவள் நெஞ்சின்மேல் கிடந்தது.

ஒரு சொட்டு. ஒரு விரல் நுனி.

யாருக்குத் தெரியப்போகிறது?

அவளுக்குத் தெரியும். அதுதான் தொல்லை. அந்த ஒரு சொட்டோடு எதெல்லாம் அந்தச் சின்ன வயிற்றுக்குள் போகும் என்று தெரியும். வயிறு வீங்கி வந்த பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அவளே ஆம்புலன்ஸில் ஓடியிருக்கிறாள்.

டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். வழக்கத்தைவிட நிதானமாகக் கழுவினாள்.

பிறகு பிள்ளையின் தலையைத் தாங்கித் தாயின் மார்பருகே கொண்டுபோனாள். வாய் தேடியது. தவறியது. மறுபடி தேடிப் பற்றிக்கொண்டது.

"முதல்ல சீம்பால்தான் உள்ள போகணும். வேற யாரும் எதையும் நாக்குல வைக்கக் கூடாது. நானுந்தான்."

பொன்மாரியின் முகம் வாடிவிட்டது.

"அப்போ உங்க குணம் எப்படி சிஸ்டர் வரும்?"

சீம்பால் எதற்கு என்று கேட்டிருந்தால் நூறு பதில் சொல்லியிருப்பாள். போர்வையை இழுத்துப் பிள்ளையின் கால்களை மூடினாள்.

மத்தியானம் தாயையும் பிள்ளையையும் வார்டுக்கு மாற்றினார்கள். அறை காலியானது.

டம்ளர் ஜன்னலிலேயே இருந்தது. எடுத்துக்கொண்டு கழுவுதொட்டிவரை போனாள்.

கொட்டவில்லை.

கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். விரலை நனைத்தாள். தன் நாக்கில் தொட்டு வைத்துக்கொண்டாள்.

சர்க்கரையைத் தாராளமாகத்தான் போட்டிருந்தான்.