ஒரே ஒரு திருத்தம்

முக்காடு போட்ட அந்தப் பெண் உள்ளே வந்ததும் பதிப்பாசிரியர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். பெண்ணின் பின்னால் தாடி வைத்த அவளுடைய அத்தா.

"புனைபெயர்ல நீ அனுப்பின நாவலை ஒரே மூச்சுல படிச்சேம்மா! முக்காடு போட்ட கால்பந்து கோல்கீப்பர்! என்ன வாய் அவளுக்கு! இப்படி ஒரு முஸ்லிம் பொண்ணை இளையோர் நாவல்ல நான் பார்த்ததே இல்ல!"

அத்தாவை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஒரே ஒரு திருத்தம். கதையில அவ அத்தா எல்லா ஆட்டத்துக்கும் வந்து தொண்டை கிழியக் கத்துறார்னா யார் நம்புவா? அவர் தடுக்கணும். அவ வீட்டை விட்டு ஓடணும். அப்பதான் விறுவிறுப்பு."

பெண்ணுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அதை அத்தாகிட்டயே சொல்லுங்க மேடம்."

"ஏன், அவர் அனுமதி தரணுமா?"

"இல்ல, எழுதினதே அவர்தான்! நான் பந்தைப் பிடிக்கிறதோட சரி."

பதிப்பாசிரியரின் முகம் குப்பென்று சிவந்தது.

"திருத்தத்தைப் பத்தி நாளைக்குப் பேசலாமா?" என்றார் அத்தா கூச்சத்தோடு. "இன்னிக்கு இவளுக்கு இறுதி ஆட்டம். சீக்கிரம் போனாத்தான் முன்வரிசை கிடைக்கும்."

"திருத்தமாவது ஒண்ணாவது!" பதிப்பாசிரியர் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். "எனக்கும் சேர்த்து இடம் பிடிங்க சார்!"