அடுப்புக்கு ஆகாதவள்

“சின்ன மருமகளை அடுப்புப் பக்கம் விடாதீங்கடி! அவ கிளறின களியைத் தின்னா, எங்க அண்ணன் பெட்டியிலிருந்து எழுந்து வந்து துப்பிட்டுப் போவான்!”

இறந்தவரின் தங்கை எஸ்னாத் அத்தையின் குரல் தெருமுனை வரை கேட்டது. முற்றத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

ஹராரேயில், புதிரிரோ வட்டாரத்தில், மாமனார் இறந்துபோன வீடு. சாவு வீட்டில் மருமகள்கள்தான் சமைக்க வேண்டும். கேலி பேசித் துக்கத்தைக் கலைப்பதும் அவர்கள் வேலைதான். மூத்தவள் லவ்னெஸ், மாமனாரின் கோட்டையும் தொப்பியையும் மாட்டிக்கொண்டு அவரைப் போலவே இருமி இருமி நடந்து காட்டிக்கொண்டிருந்தாள்.

இளையவள் சேகாய் சிரிக்கவில்லை. அத்தை சொன்னது கேலிதான்; இன்னும் சற்று நேரத்தில் யாராவது அவள் கையில் களி கிளறும் கட்டையைக் கொடுப்பார்கள். காலையிலிருந்து அந்தப் பயம்தான்.

ஜனவரி மழையில் அவளுக்கு வந்த டைபாய்டு குணமாகிவிட்டது. கிருமி மட்டும் உடம்பை விட்டுப் போகவில்லை.

“உனக்கு ஒண்ணும் செய்யாது. உன் கைப்பட்டதைச் சாப்பிடறவங்களுக்குத்தான் ஆபத்து,” என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். “மலப் பரிசோதனை மூணு தடவை சுத்தமா வரணும். அதுவரைக்கும் அடுத்தவங்களுக்குச் சமைக்காதே, பரிமாறாதே.”

இரண்டு தடவை சுத்தமாக வந்துவிட்டது. மூன்றாவது பரிசோதனை வியாழக்கிழமை. இன்று செவ்வாய்.

வாயைத் திறந்து சொல்லிவிடலாம்தான். ஆனால் காய்ச்சலில் கிடந்தபோது பட்டது போதும் என்றிருந்தது. அடி பம்பில் அவள் பிடித்த கைப்பிடியைக் கழுவிவிட்டுத்தான் அடுத்தவள் தண்ணீர் அடித்தாள். அவள் மகளோடு விளையாட ஒரு குழந்தைகூட வரவில்லை.

“என்ன சேகாய், நகம் உடைஞ்சிடுமோ?” லவ்னெஸ் கட்டையை நீட்டினாள். “இந்தா பிடி. இருநூறு பேர் பசியோட உட்கார்ந்திருக்காங்க.”

சேகாய் கையை நீட்டவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

“இல்லக்கா... நான் வந்து...”

அத்தை குறுக்கே வந்து கட்டையைப் பிடுங்கிக்கொண்டாள். “யாருடி இவளைக் கூப்பிட்டது? போன கிறிஸ்மஸுக்கு இவ வச்ச களி எனக்கு இன்னும் செரிக்கலை. சிமெண்ட் மூட்டையை இவகிட்ட குடு. வீடு கட்டித் தருவா.”

“அப்போ இறைச்சியாவது பரிமாறட்டும் அத்தை.”

“இவளா? பாதிச் சட்டி இவ வாய்க்குள்ளயே போயிடும்.”

மறுபடி சிரிப்பு. அத்தை சேகாயின் தோளைப் பிடித்துப் பின்பக்கம் தள்ளிக்கொண்டு போனாள். அங்கே குழாய் வைத்த வாளி ஒன்றும் ஒரு கட்டி சோப்பும் இருந்தன.

“உனக்கேத்த வேலை இதுதான். கக்கூஸ் வாசல்ல நில்லு. உள்ள போயிட்டு வர்றவன் ஒருத்தன்கூட சோப்புப் போடாம உன்னைத் தாண்டக் கூடாது.”

“பாதிரியாருமா?” என்று கத்தினாள் லவ்னெஸ்.

“ஏன், அவரு மட்டும் வேற வழியாவா போறாரு?”

அழுதால் கேலி இன்னும் கூடும் என்று சேகாய் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கிறிஸ்மஸ் அன்று அத்தை தட்டை வழித்துத் தின்றது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

அன்றும் மறுநாளும் அவள் அங்கேயே நின்றாள். பிள்ளைகள் ‘கக்கூஸ் போலீஸ்’ என்று பேர் வைத்தன. பாதிரியாரும் கை கழுவினார். சாப்பாட்டு நேரத்தில், எல்லோரும் வரிசையாகக் கையை முக்கிக் கழுவும் தண்ணீர்ப் பாத்திரத்தை யாரோ தூக்கிவர, அதற்கும் அத்தை சண்டைக்குப் போனாள். “ஊர் அழுக்கெல்லாம் ஒரே தண்ணியிலயா? செம்புல மொண்டு ஊத்துங்கடி!”

புதன்கிழமை மாலைக்குள் அடக்கம் முடிந்து கூட்டம் கலைந்தது. அத்தை தன் மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தாள். சேகாய் தேய்ந்துபோன சோப்பைக் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தாள்.

“கிறிஸ்மஸுக்கு என் களியை ரெண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்க அத்தை.”

“மூணு தடவை,” என்றாள் அத்தை, நிமிராமல்.

ஒரு துணியை மடித்து மூட்டையில் வைத்தாள்.

“நேத்துக் காலைல தலைக்குக் கட்டத் துணி தேடி உன் பையைத் திறந்தேன். மூடியிலேயே சின்னக் கரண்டி வச்ச, ஆஸ்பத்திரியில மலம் எடுத்துட்டு வரக் குடுக்கிற டப்பா ஒண்ணு இருந்தது. இதுவரைக்கும் எத்தனை தடவை குடுத்திருக்கே?”

சேகாய் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். “ரெண்டு. ரெண்டும் சுத்தம். நாளைக்கு மூணாவது.”

“அதுவும் சுத்தமா வரும். அடுத்த வருஷம் அண்ணனோட நினைவுச் சடங்குக்கு நீதான் களி கிளறணும்.”

“இதை என்கிட்டயே சொல்லியிருக்கலாமே அத்தை. எல்லார் முன்னாலயும் சமைக்கத் தெரியாதவள்னு...”

“சமைக்கத் தெரியாதவள்ங்கிற பேரை ஒரு வேளைச் சமையல்ல கழுவிடலாம். நோய்க்காரிங்கிற பேர் அப்படிப் போகாது.”

அத்தை சட்டையை லேசாகத் தூக்கினாள். வலது விலாவுக்குக் கீழே ஒரு பழைய தையல் தழும்பு.

“அந்தக் கிருமி என் பித்தப்பையிலதான் ஒளிஞ்சிருந்தது. அதை எடுத்தப்புறம்தான் என்னை விட்டுது. அதுக்கு முன்னால என் தங்கச்சி கல்யாணத்துக்கு நான்தான் சமைச்சேன். எனக்கே தெரியாது. பதினோரு பேர் படுத்தாங்க, பத்துப் பேர்தான் எழுந்தாங்க.”

மூட்டையின் முடிச்சை இறுக்கினாள்.

“அன்னிக்கு என்னை அடுப்படியிலிருந்து திட்டி விரட்ட ஒருத்தி இல்லாமப் போயிட்டாடி.”